சுராங்கனி: துள்ளிசைப் பாடலொன்றின் நீடித்த வாழ்வு

இலங்கையில் ஒரே இரவில் தமிழர் திருமணப் பந்தலிலும் சிங்களவர் திருமண மண்டபத்திலும் ஒலிக்கத்தக்க பாடல்கள் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் முன்வைத்து எண்ணத்தக்கது ‘சுராங்கனி’. 1970களில் ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய இப்பாடல், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னரும், அதனை முதன்முதற் கேட்டோரின் பேரப்பிள்ளைகளால் ஆடப்படுகின்றது. அதே காலத்திற் கருத்தாழமுடையனவென்று போற்றப்பட்ட மெல்லிசைப் பாடல்கள் பல இன்று பெயரளவிலேனும் நினைக்கப்படுவதில்லை. உயர்ந்ததென எவரும் சொல்லாத ஒரு பாடல் நிலைத்து நிற்க, உயர்ந்தனவென்று சொல்லப்பட்டவை மறைந்தொழிந்தமைக்குக் காரணம் யாது? இவ்வினாவை எழுப்பாது விடுவது விமர்சனத்துக்கு எளிது, ஆயின் நேர்மையன்று.

ஈழத்துத் தமிழ் விமர்சனம் இலக்கியத்தை அதன் சமூகப் பின்னணியில் வைத்து நோக்கும் நெறியை நன்கு பயின்றுள்ளது. பேராசிரியர் க. கைலாசபதியும் பேராசிரியர் கா. சிவத்தம்பியும் காட்டிய வழியிலே நாவலும் சிறுகதையும் கவிதையும் ஆராயப்பட்டன. சிவத்தம்பி அவர்கள் தமிழ்ச் சினிமாவைக்கூட ஓர் அரசியற் தொடர்புச் சாதனமாகக் கண்டு எழுதினார். ஆயினும் துள்ளிசை இவ்வாராய்ச்சி எல்லைக்கு வெளியிலேயே பெரும்பாலும் நின்றுவிட்டது. அதனைப் பற்றிப் பேச நேர்ந்தவிடத்தும் ‘பொழுதுபோக்கு’ என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்தது. அவ்வொரு சொல்லுக்குள் மூன்று குற்றச்சாட்டுகள் அடங்கியுள்ளன. ஒன்று, இப்பாடல்கள் இரவல் இசையிற் பிறந்தவை என்பது. இரண்டு, இவற்றிற் பொருளில்லை என்பது. மூன்று, இவை மொழிக்கலப்பால் தமிழைக் கெடுப்பன என்பது. ‘சுராங்கனி’ இம்மூன்று குற்றச்சாட்டுகளுக்கும் ஒருசேர உரிய பாடலாதலின், அதனை முன்வைத்து இவற்றை ஆராய்தல் பொருத்தமாகும்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். 1960களின் பிற்பகுதியில் ஈழத்துத் தமிழிற் ‘பொப்’ இசை எனவும் துள்ளிசை எனவும் வழங்கப்பட்ட பாடல்வகை தோன்றியது. ‘சின்ன மாமியே’ என்னும் பாடலாற் பெயர்பெற்ற நித்தி கனகரத்தினம் அதன் முன்னோடி. இதே துறையில் மனோகரன் மேடையிலும் வானொலியிலும் பெற்ற செல்வாக்கினாற் ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ என்று அழைக்கப்பட்டார். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978இல் வெளிவந்த ‘வாடைக்காற்று’ திரைப்படத்தில் நடித்தார். பின்னர் தமிழகம் சென்று ‘சிலோன் மனோகர்’ என்ற பெயரோடு அங்குள்ள படங்களிலும் தோன்றினார். 2018 ஜனவரியிற் சென்னையிற் காலமானார். அவருடைய ‘சுராங்கனி’ அவருக்கு முன்னரே பாக்குநீரிணையைக் கடந்திருந்தது. 1977இல் வெளிவந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் தமிழ்ப் படத்தில் இளையராஜாவின் இசையில் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் அதனைப் பாடினர். இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையைத் தமிழகம் செவிமடுத்துக் கொண்டிருந்த காலம் அது. தமிழகத்துத் திரைப்பாடல் ஈழத்துக்கு வருவதே வழக்கமாயிருக்க, ஈழத்துப் பாடலொன்று தமிழகத் திரைக்குச் சென்றமை அரிய நிகழ்ச்சியாம்.

இனி முதற் குற்றச்சாட்டுக்கு வருவோம். இப்பாடலின் தாளம் பைலா. பைலா என்ற சொல் ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கீசச் சொல்லினின்றும் வந்தது. 1505இல் இத்தீவுக்கு வந்த போர்த்துக்கீசரும், அவர்களாற் படைவீரராகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரும் விட்டுச்சென்ற ஆட்டமும் பாட்டுமே அதன் வேர். அவ்வாபிரிக்கரின் வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். மட்டக்களப்புப் பறங்கியரிடையேயும் கவறிஞ்சா எனப்படும் ஆட்டமரபு இருந்து வந்துள்ளது. 1940களில் வொலி பஸ்ரியன் இதனைச் சிங்களப் பாட்டாக்கி நகரத்து மேடைக்குக் கொணர்ந்தார். பின்னர் எம். எஸ். பெர்ணாந்து போன்றோர் அதனை நாடெங்கும் பரப்பினர். சிங்களக் கலையறிஞர் பலரும் அந்நாளிற் பைலாவை மதித்தாரல்லர். கரையோரத்தாரின் களியாட்டம் என்றும், அந்நியர் விட்டுச்சென்ற எச்சம் என்றும் அதனை ஒதுக்கினர். தமிழறிஞர் சுராங்கனிக்கு இட்ட பழியும் சிங்கள அறிஞர் பைலாவுக்கு இட்ட பழியும் ஒன்றே என்பது ஈண்டு நோக்கற்பாலது.

ஆயின் இரவல் என்பது எளிதில் விடைகாணத்தக்க பழியன்று. இரவல் வாங்கிய பொருள் வாங்கியவன் கையிற் பொருந்தியதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. பைலாவின் தாளம் மும்மூன்றாகப் பிரியும் ஆறன் நடை. கருநாடக இசைநூலார் திஸ்ரம் என்பதும் இம்மூன்றன் கூறே. தமிழ்ப் பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டி ஆடும் கும்மிக்கும் பெரும்பாலும் இந்நடையே அடிப்படை. கும்மியிற் கை எங்கு விழுமோ அங்கேயே பைலாவிற் காலும் விழுகின்றது. ஆகவே இப்பாடலைக் கேட்ட தமிழ்ச் செவி புதிய தாளமொன்றைக் கற்க வேண்டியிருக்கவில்லை. அறிந்த தாளத்தை விரைவாகவும் வேறு கருவிகளோடும் கேட்டது, அவ்வளவே. கடல் கடந்து வந்த நடை உள்ளூர் நடையொன்றைத் தன் உறவாகக் கண்டுகொண்டது. பாடல் வேரூன்றியமைக்கு இது முதற்காரணம் எனலாம்.

இரண்டாவது குற்றச்சாட்டு, பொருளின்மை. இதனை ஆராயுமுன் சற்றுத் தொலைவில் உள்ள வேறொரு பாடலை நோக்குதல் பயன்தரும். 1990களில் ஐரோப்பாவில் ‘யூரோடான்ஸ்’ எனப்பட்ட ஆடலிசை ஓங்கியிருந்தது. இயந்திர மேளத்தின் மாறாத அடி, எளிய பல்லவி, மீண்டும் மீண்டும் வரும் சில சொற்கள் என்பன அதன் இலக்கணம். இத்தாலியின் தூரின் நகரத்துக் குழுவான ‘ஐஃபல் 65’ 1998இல் வெளியிட்ட ‘புளூ’ என்னும் பாடல் அவ்வகையின் தலையாய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று. அதன் பல்லவியின் பெரும்பகுதி எம்மொழியிலும் பொருளில்லாத அசைகளால் ஆனது. கேட்டவர்கள் அவ்வசைகளிலே தத்தமக்குத் தோன்றிய சொற்களைக் கற்பித்துக்கொண்டனர். எது சரியென்று நெடுங்காலம் விவாதித்தும் மகிழ்ந்தனர். ஒரு பருவத்தில் எழுந்து மறுபருவத்தில் மறையுமெனக் கருதப்பட்ட இவ்வகைப் பாடல், 2022இல் டேவிட் கெற்றா என்னும் பிரெஞ்சு இசைஞரும் பீபி றெக்ஸா என்னும் அமெரிக்கப் பாடகியும் அதன் பல்லவியை எடுத்தாண்டபோது உலகெங்கும் மீண்டும் ஒலித்தது. முதலிற் கேட்ட தலைமுறை நடுத்தர வயதை அடைந்த பின்னரும் பல்லவி முதுமையடையவில்லை.

பொருளற்ற பல்லவி ஐரோப்பிய நாகரிகத்தின் சீரழிவு என்று கூறிவிடத் தமிழர்க்கு உரிமையில்லை. நாற்றுநடுவோரின் தன்னானேயும், தோணி வலிப்போரின் ஏலேலோவும், தாலாட்டின் ஆராரோவும் அகராதிப் பொருளால் வாழ்வன அல்ல. அவை பலரை ஒரு மூச்சிற் சேர்ப்பதற்கென்றே பிறந்த ஒலிகள். தலைவன் அடியெடுக்க, தெரிந்தவரும் தெரியாதவரும் ஒருங்கே வந்து சேரும் வாயில் அது. தொல்காப்பியர் செய்யுளியலிற் பண்ணத்தி என்றொரு வகையைக் குறிப்பிட்டமை, புலவர் பாட்டுக்கு அப்பால் மக்கள் வழங்கிய இசைப்பாட்டுக்கும் இலக்கணத்துள் இடமுண்டு என்பதனாலன்றோ? ஆடுதற்குரிய பாட்டிற் சொல்லின் கடமை வேறு. படித்துணரும் பாட்டிலே சொல் பொருளைச் சுமக்கின்றது. ஆடும் பாட்டிலே சொல் ஆளைச் சுமக்கின்றது. அடர்ந்த பொருளுடைய அடியைக் கூட்டமொன்று பாட வேண்டுமாயின் முதலிற் கற்க வேண்டும். இலேசான அடியைக் கேட்ட இரண்டாம் முறையே பாடிவிடலாம். நீடித்த கவர்ச்சியின் பொதுவிதி இதுவாயின், சுராங்கனியும் அவ்விதிக்கு அமைந்ததே.

எனினும் இப்பொதுவிதியோடு நின்றுவிடுதல் போதாது. இலேசான பாடல்கள் ஆயிரக்கணக்கில் உள, அவையனைத்தும் வாழ்வதில்லை. சுராங்கனியின் தனித்தன்மை யாதெனின், அதன் பல்லவி பொருளற்ற அசைகளால் ஆனதன்று என்பதே. அது சிங்களத்தில் மிகத் தெளிவான பொருளுடையது: சுராங்கனிக்கென்று ஒருவன் மீன் கொண்டுவந்திருக்கின்றான். அவ்வளவே செய்தி. பாடலிற் பெரிதும் திரும்ப வரும் சொல் ‘மாலு’. அது மீனைக் குறிக்கும் அன்றாடச் சிங்களச் சொல். பெயரோ அன்றாடத்துக்கு நேர்மாறானது. சுரர் என்றால் தேவர். அங்கனை என்றாற் பெண். சுராங்கனை தெய்வமகள் என்று தமிழகராதியும் கூறும். சிங்களத்திலும் அச்சொல் தேவதையையே குறிக்கும். விண்ணுலகத்துப் பெயர் பூண்ட ஒருத்திக்கு மண்ணுலகத்தான் ஒருவன் மீன் கொணர்ந்து தருகின்றான். பூவன்று, பொன்னன்று, மீன். இப்பாடலின் நகையும் அன்பும் இம்முரணிலேயே உள்ளன. மீன் காலையிற் பிடித்து மாலைக்குள் உண்ணவேண்டிய பொருள். அதனைக் கொண்டுவருபவன் காதலைப் பற்றிச் சொற்பொழிவாற்ற நேரமில்லாதவன். உணவே இங்கு உறுதிமொழி.

தமிழிலக்கிய மாணவனுக்கு இவ்வுலகம் புதியதன்று. சிலப்பதிகாரத்துக் கானல்வரி நெய்தல் நிலத்துப் பரதவர் மகளிரைப் பாடுகின்றது. அதுவும் யாழோடு பாடப்பட்ட இசைப்பாட்டே. ஐங்குறுநூற்று மருதத்திலே மீனைக் கொடுத்து நெல்லைப் பெறும் பாண்மகள் வருகின்றாள். மீனும் காதலும் வீட்டுவாயிலும் ஒருங்கே நிற்கும் காட்சி தமிழ்ப் பாட்டுமரபுக்குப் பழையது. மனோகரன் இவற்றையெல்லாம் எண்ணிப் பாடினார் என்பது கருத்தன்று. கடலோர வாழ்க்கை இரண்டு மொழிகளிலும் ஒரே வகைப் பாட்டைப் பிறப்பிக்கும் என்பதே கருத்து.

இனி, இப்பாடலைக் கேட்போர் மூவகையினர் என்பதை உணர்தல் வேண்டும். முதல்வகையினர் சிங்களம் மட்டும் அறிந்தோர். அவர்க்குப் பல்லவி முழுதும் விளங்கும். தமிழடிகள் இனிய ஒலியாய் நிற்கும். இரண்டாம் வகையினர் தமிழகத்தார். அவருட் பெரும்பாலோர்க்கு நிலைமை இதற்கு நேர்மாறானது: தமிழடி விளங்கும், ‘மாலு’ என்பது தன்னானே போன்றதோர் ஒலிக்குறி. ஐரோப்பியப் பாடலின் அசைகளைத் தத்தமக்கேற்பக் கேட்டோரைப் போன்றே இவர்களும் கேட்டனர். மூன்றாம் வகையினர் இரு மொழியும் அறிந்தோர். பாடல் முழுமையாக விளங்குவது இவர்களுக்கே. இம்மூன்றாம் வகையினரைத் தேடிக் கொழும்புக்குச் செல்லவேண்டுவதில்லை. சப்பிரகமுவைத் தோட்டங்களுக்குச் செல்லலாம்.

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிக்குச் செல்லும் பெருந்தெருவில் அமைந்துள்ள சிற்றூர் கொடகவெல. சுற்றிலும் சிங்களக் கிராமங்களும், அவற்றிடையே இறப்பரும் தேயிலையும் பயிராகும் தோட்டங்களும் உள்ளன. நுவரெலியா மாவட்டத்தைப் போன்று தமிழர் தொகையாக வாழும் நிலமன்று இது. லயங்கள் சிறியன, கிராமங்கள் நெருங்கியன. சந்தையும் பேருந்தும் வைத்தியசாலையும் சிங்களத்தில் நடைபெறுகின்றன. இங்குள்ள தோட்டத் தமிழன் வீட்டிற் பேசுவது ஒரு மொழி, வாசலைக் கடந்தாற் பேசுவது மற்றொரு மொழி. இரண்டையும் அவன் ஏட்டிற் கற்றவனல்லன்.

இத்தகைய ஊருக்குக் கடல் என்பது மீன்காரன் வடிவிலேயே வருகின்றது. முன்னர் தோளிற் காவுதடியோடும், பின்னர் துவிச்சக்கர வண்டியிலும், இப்போது மோட்டார்ச் சைக்கிளின் பின்னாற் கட்டிய பெட்டியோடும் வரும் வியாபாரி, லயத்துக்குக் கீழே நின்று ‘மாலு, மாலு’ என்று கூவுகின்றான். தோட்டத்துக் குழந்தை சிங்களத்தில் முதலிற் கற்கும் சொற்களுள் அதுவும் ஒன்றாதல் இயல்பு. அன்றாடம் கருவாட்டோடும் நெத்தலியோடும் உண்ணும் குடும்பத்துக்குப் பச்சைமீன் சம்பள நாளின் அடையாளம். மீன் வாங்கப்பட்டதென்றால் அன்று வீட்டிற் பணமுண்டு; அன்று அடுப்புப் புகையின் மணமே வேறு. இப்பின்னணியில் அதே சொல்லை ஒலிபெருக்கியில், மேளத்தோடு, பலமுறை அடுக்கிக் கேட்கும்போது, கேட்பவன் அறிந்த ஒரு குரல் ஆட்டமாக மாறி வருகின்றது. பாடலிலுள்ள அடுக்கு வெறும் இசையடுக்கன்று, தெருக்கூவலின் அடுக்கு. பொருளில்லை என்ற குற்றச்சாட்டு இவ்விடத்திற் சென்று தேய்கின்றது. சென்னையில் ஒலிக்குறியாயிருந்த சொல் கொடகவெலவில் விலைபேசி வாங்கும் பொருளாகின்றது. பொருள் பாடலுக்குள் மட்டும் கிடப்பதன்று. கேட்பவன் நிற்கும் படியிலும் கிடக்கின்றது.

மூன்றாவது குற்றச்சாட்டு, மொழிக்கலப்பு. இதுவே மூன்றனுள்ளும் கனமானது. அதனை மொழித்தூய்மை என்ற அளவுகோலால் மட்டும் அளந்தால் விடை எளிது: இப்பாடலால் எவருடைய தமிழும் கெடவில்லை. ஆயின் வேறோர் அளவுகோலுமுண்டு. கலப்பு இருபுறமும் நிகழ்ந்ததா என்று கேட்டாற் சிக்கல் வெளிப்படுகின்றது. இசை இருபுறமும் சென்றுள்ளது. முதற் சிங்களப் பேசும் படமான ‘கடவுணு பொறொந்துவ’ 1947இல் வெளிவந்தபோது அது தென்னிந்தியக் கலையகத்தில் உருவானதாகவே இருந்தது. தொடர்ந்து பல ஆண்டுகள் சிங்களத் திரைப்பாடல்கள் தமிழ், இந்தி மெட்டுகளை எடுத்தாண்டன. எச். ஆர். ஜோதிபாலவின் குரலில் அத்தகைய பாடல்கள் பல புகழ்பெற்றன. ஆயின் மெட்டு மட்டுமே அப்பக்கம் சென்றது, சொல் செல்லவில்லை. சிங்களச் சொல்லைத் தாங்கிய தமிழ்ப்பாடல் வெற்றி பெற்றதைப் போன்று, தமிழ்ச் சொல்லைப் பல்லவியாகத் தாங்கிய சிங்களப் பாடல் நாடு முழுவதும் ஆடப்பட்டதாகச் சொல்வது கடினம். கொடகவெலவின் சந்தையிலும் இதே விகிதமே நிலவுகின்றது. தோட்டத்தார் சிங்களம் பேசுகின்றனர். கிராமத்தாருட் தமிழ் பேசுவோர் அரியர். பாடலின் மொழியமைப்பு நாட்டின் மொழியமைப்பையே காட்டுகின்றது.

ஆகையால் இப்பாடலைத் ‘தேசிய ஒற்றுமையின் சின்னம்’ என்று மேடையில் நின்று புகழ்வோரின் கூற்றை விமர்சனம் அப்படியே ஏற்றல் இயலாது. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியானது. பாடல் புகழேறிய அதே தசாப்தத்தில், 1977இல், தோட்டங்கள் தாக்கப்பட்டன. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் மீண்டும் தாக்குதலுக்குள்ளாயின. குடும்பங்கள் லயங்களை விட்டு ஓடின. 1983ஐப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. இவ்வாண்டுகளிலெல்லாம் சுராங்கனி வானொலியில் இருந்தது. தாக்கியவரும் அதனை அறிந்திருப்பர், தாக்கப்பட்டவரும் அறிந்திருப்பர். பாடல் எவரையும் தடுத்து நிறுத்தவில்லை. ஒரே பாடலுக்கு ஆடியவர் ஒருவருக்கொருவர் தீங்கிழையார் என்பது நம்பிக்கை, வரலாறன்று.

அங்ஙனமாயின் அதன் மதிப்பு யாது? இருமொழிப் பாடல் என்பது இரண்டு வகையாக அமையலாம். ஆணையினால் அமைவது ஒன்று. பழக்கத்தினால் அமைவது மற்றொன்று. விழாக்களுக்கென்று கற்பிக்கப்படும் ஒற்றுமைப் பாடல்கள் முதல்வகை. அவை விழா முடிந்ததும் மேடையிலேயே தங்கிவிடுகின்றன. சுராங்கனி இரண்டாம் வகை. எவரும் பாடச் சொல்லாதபோது பாடப்பட்டது. சட்டத்தின் மொழி இருவரையும் பிரித்து நின்ற காலத்திலும், மீன்காரனின் மொழி இருவர்க்கும் இடையே சென்றுவந்தது என்பதற்கு அது சான்று. சான்று என்ற சொல்லே போதும். தீர்வு என்று சொல்லின் மிகையாகும். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. ஆயினும் சப்பிரகமுவைத் தோட்டங்களிற் தமிழ்மொழியில் உயர்தரம் வரை பயிலும் வாய்ப்பு எல்லார்க்கும் அண்மையில் இல்லாமையால், பிள்ளைகளைச் சிங்களப் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோர் உளர். அப்பிள்ளைகளிற் பலர் தமிழைப் பேசுவர், எழுத அறியார். இத்தகைய பிள்ளைக்கு இருமொழி என்பது கொள்கையன்று, வாழ்க்கை. தன் நாவில் உள்ள இரண்டு மொழிகளையும் ஒரே மூச்சிற் கேட்கும் இடம் அவனுக்கு மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று இப்பாடல். பாடநூல் அவனுக்கு இரண்டிலொன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றது. பாடல் அவ்வாறு சொல்வதில்லை. மொழித்தூய்மையின் பெயரால் இப்பாடலை ஒதுக்குபவர், அறியாமலேயே அப்பிள்ளையையும் ஒதுக்குகின்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்வாறு கூறுவதனாற் பாடலிற் குறையேயில்லை என்பது பொருளன்று. சுராங்கனி விளிக்கப்படுகின்றாள், விடையளிக்கின்றாளல்லள். மீன் வந்தது என்ற செய்தி அவளுக்குச் சொல்லப்படுகின்றதேயன்றி, அவளுக்கு வேண்டியது யாதென்று எவரும் வினவவில்லை. தமிழகத் திரை வடிவத்திற் பெண்குரலொன்று சேர்ந்தபோதும் இந்நிலை அடிப்படையில் மாறவில்லை. மீனைப் பிடித்தவனின் உழைப்பும், கடலின் அச்சமும் இதில் இல்லை. மலையகத்து மக்கள் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையின் நூலைப் படிப்போர்க்கு இவ்வேறுபாடு நன்கு புலனாகும். அப்பாடல்களிலே கங்காணியும் துரையும் கூடையும் கொழுந்தும் பிரிவும் வருகின்றன. பாடுபவள் பெரும்பாலும் பெண். அவள் கேள்வி கேட்கின்றாள், வைகின்றாள், அழுகின்றாள். உழைப்பின் வரலாற்றை அறியவேண்டுவோர் அங்கேதான் செல்ல வேண்டும். சுராங்கனி அவ்வரலாற்றை ஒருபோதும் தராது.

ஆயினும் ஒன்றைக் குறிப்பிடாது விடலாகாது. வேலுப்பிள்ளை தொகுத்த பாடல்கள் தொகுக்கப்பட்டமையாற் காக்கப்பட்டன. கொழுந்து பறிக்கும்போது பாடும் வழக்கம் அருகியபின் அவை ஏட்டில் வாழ்கின்றன. சுராங்கனியை எவரும் தொகுத்துக் காக்க வேண்டியிருக்கவில்லை. வானொலியிலிருந்து இசைத்தட்டுக்கும், அதிலிருந்து கசெற்றுக்கும், இன்று கைத்தொலைபேசிக்கும் அது தானே நடந்து சென்றது. காரணம், அது தொழிலோடு கட்டுண்டதன்று, கொண்டாட்டத்தோடு கட்டுண்டது. தொழில்முறை மாறலாம், இறப்பர் மரம் வெட்டப்படலாம், லயத்தை விட்டு இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் செல்லலாம். திருமணமும் பூப்புநீராட்டும் திருவிழாவும் நின்றுவிடுவதில்லை. திருவிழாவுக்கு ஊர் திரும்பும் இளைஞன், தப்பு முழங்கி ஓய்ந்தபின் ஒலிபெருக்கியில் எழும் பாடலுக்கு ஆடுகின்றான். அவனுடைய தந்தை அறிந்த பாடலாகவும், அவன் வேலைத்தலத்துச் சிங்கள நண்பன் அறிந்த பாடலாகவும் அது இருக்க வேண்டுமாயின், தேர்வுக்கு அதிக இடமில்லை.

இதுவரை கூறியவற்றாற் போதருவது யாதெனின், ஆடற்பாடலொன்றின் நீடித்த கவர்ச்சிக்கு எளிமை இன்றியமையாதது. ஆயின் எளிமை மட்டும் போதாது. ஐரோப்பியப் பாடலின் பொருளற்ற அசைகள் எந்நாட்டார்க்கும் ஒரேயளவிற் திறந்த வாயில். அதனாற்றான் அது எல்லைகளைக் கடந்தது. சுராங்கனியும் அத்தகைய வாயிலே. எனினும் அதன் பின்னால் ஒரு வீடும் உண்டு. வெளியூரார் வாயிலில் நின்று ஆடிச் செல்லலாம். கொடகவெல போன்ற ஊர்களிலுள்ளோர் உள்ளே சென்று அடுப்பில் வேகும் மீனையும் காணலாம். உலகப் பாடலாகவும் ஊர்ப்பாடலாகவும் ஒருங்கே நிற்கும் ஆற்றலே அதன் ஆயுளுக்குக் காரணம்.

பொழுதுபோக்கு என்ற சொல்லால் இத்தகைய பாடல்களை மூடிவிடும் வழக்கம் இனியேனும் ஒழிதல் வேண்டும். இவற்றைப் புகழ்வது விமர்சகனின் கடனன்று. இவை எங்கே, யாரால், எதனை நினைந்து பாடப்படுகின்றன என்று சென்று கேட்பதே கடன். இருமொழித் தோட்டங்களின் திருமணப் பந்தல்களிலும் திருவிழாக்களிலும் எப்பாடல்கள் ஆடப்படுகின்றன என்பது முறையாகப் பதிவு செய்யப்படுமாயின், இந்நாட்டின் இரு மொழிகளும் ஒன்றையொன்று தொட்ட இடங்களும் தொடாத இடங்களும் ஒருங்கே தெரியவரும். அப்பணியைத் தொடங்க ஏடுகள் தேவையில்லை. மீன்காரன் வரும் நேரத்தில் லயத்து வாசலில் நின்று, எந்தெந்த மொழியில் விலை கேட்கப்படுகின்றது, எந்த மொழியில் விடை கிடைக்கின்றது என்று செவிமடுத்தலே அதன் தொடக்கமாகும்.